ஆலை வாசலும் காமிராவும்

மாலை ஐந்தரை மணிக்குமேல் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகச் சிறிது நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லையென்றால் ஒரு நாள் அவசியம் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை. ஏற்றுமதி மண்டலத்தின் கதவு திறக்கிறது. முதலில் இரண்டு பேர், பிறகு பத்துப் பேர், பிறகு ஒரு வெள்ளம். பெரும்பாலும் பெண்கள். தோளில் ஒரு பை, கையில் காலி டிபன் டப்பா. ஒருத்தி சிரித்துக்கொண்டே தோழியின் முதுகில் தட்டுகிறாள். இன்னொருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓடுகிறாள். செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது. பூக்காரி முழம் போடுகிறாள். சுண்டல் வண்டிக்காரர் கரண்டியால் தட்டில் தாளம் போடுகிறார். கால் மணி நேரத்தில் வெள்ளம் வடிந்துவிடுகிறது.

இந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பிரான்சு தேசத்து லியோன் நகரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. நான் லியோனுக்குப் போனவனல்ல. ஆனால் சினிமா என்ற ஒன்றை நேசிக்கிற எவனும் அந்த ஊரின் ஒரு கதவை மட்டும் நன்றாக அறிவான்.

1895-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். லூமியர் சகோதரர்களின் தொழிற்சாலை அது. போட்டோ எடுக்கும் தகடுகள் செய்கிற இடம். சகோதரர்கள் தாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த யந்திரத்தை வாசலுக்கு எதிரே நிறுத்தினார்கள். கதவு திறந்தது. தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அங்கேயும் பெரும்பாலும் பெண்கள்தாம். நீண்ட பாவாடையும் தொப்பியுமாக வந்து, இருபுறமும் பிரிந்து போனார்கள். கூட ஒரு நாயும் வந்தது. ஒரு நிமிஷங்கூட ஓடாத படம். சினிமாவின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் வைப்பது இதைத்தான். மறு வருஷம், 1896 ஜூலை 7-ந் தேதி, பம்பாய் வாட்ஸன் ஓட்டலில் நம் நாட்டுக்கு முதன் முதலாக அந்த யந்திரம் வந்தபோது காட்டிய ஆறு துண்டுப் படங்களில் இதுவும் ஒன்று. ஆகவே இந்தியன் ஒருவன் திரையில் கண்ட முதல் மனிதர்களில் வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளப் பெண்களும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. காமிராவும் முதலாளியுடையது, கதவும் முதலாளியுடையது. வெளியே வருகிறவர்கள் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். திருப்தியாக வரும்வரையில் அவர்களை வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை வெளியே வரச்செய்து எடுத்தார்களாம். உள்ளே என்ன நடந்தது, எத்தனை மணி நேரம் நின்றார்கள், கூலி என்ன என்பதையெல்லாம் படம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நூறு வருஷம் கழித்து, 1995-இல், ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மன் படக்காரர் இதே கருவை எடுத்துக்கொண்டார். உலகத்துப் படங்களிலெல்லாம் வரும் ஆலை வாசல் காட்சிகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். அவர் கண்டது இதுதான்: சினிமா என்பது பெரும்பாலும் ஆலைக்கு வெளியேதான் நிற்கிறது. வேலை முடிந்த பிறகுதான் மனிதனின் கதை ஆரம்பமாகிறது. உள்ளே கழிந்த எட்டு மணி நேரம் யாருக்கும் கதையாகப் படவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மேலே போனால் இந்தக் கட்டுரை யோக்கியமான கட்டுரை ஆகாது.

இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிறது. இந்தத் தென்புறத்துப் புறநகரில், ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம், ஆயத்த ஆடை தைக்கும் ஓர் ஆலை இருந்தது. அதைப் பற்றி ஒரு விளம்பரப் படம் எடுத்திருந்தார்கள். பத்து நிமிஷப் படம். அயல்நாட்டு வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுவதற்கு ஆங்கிலத்திலும், உள்ளூர்ப் பிரமுகர்களுக்குக் காட்டுவதற்குத் தமிழிலும் விளக்கவுரை தேவை. தமிழ் உரை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நாவல் எழுதுகிறவன் கையில் அந்தக் காலத்தில் பணம் எவ்வளவு இருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். போனேன்.

வெட்டாத படத்தை முதலில் போட்டுக் காட்டினார்கள். வரிசை வரிசையாகத் தையல் யந்திரங்கள். ஒரு பெண்ணின் முகம் பெரிதாக வருகிறது. காமிராக்காரர் சும்மா பேச்சுக் கொடுப்பதற்காக, “வேலையெல்லாம் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்கிறார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுச் சொல்கிறாள்: “வேலை பரவால்ல சார். தண்ணிதான் குடிக்கிறதில்ல. குடிச்சா பாத்ரூம் போவணும். ரெண்டு தடவைக்கு மேல எழுந்தா சூப்பர்வைசர் பேர் எழுதிக்குவாரு.”

அறையில் இருந்த அதிகாரி, “அந்த இடத்தில் சத்தத்தை எடுத்துவிடுவோம், முகம் இருக்கட்டும், நல்ல சிரித்த முகம்” என்றார். சத்தம் போயிற்று. முகம் இருந்தது. அந்த முகத்துக்கு நான்தான் வாக்கியம் எழுதினேன். ஓயாத கரங்கள், மலர்ந்த முகங்கள் என்கிற மாதிரி ஏதோ ஒன்று. எழுதிய கை இதுதான். கிடைத்த சன்மானத்தில் வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கினேன். நல்ல கம்பெனி விசிறி. இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ரொம்ப நாள் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர்களே செய்த காரியந்தானே இது என்பது அந்தச் சமாதானம். டாட்டா கம்பெனியின் எஃகு ஆலையைப் பற்றி ஹரிசாதன் தாஸ்குப்தா 1950-களில் எடுத்த படத்துக்கு எழுதிக் கொடுத்தவர் சத்தியஜித் ரே. இசை ரவிசங்கர். அவர்களே செய்யும்போது நான் எம்மாத்திரம்! ஆனால் விவரணப் படங்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் சிரத்தையாகப் படிக்கப் படிக்க, இந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. கம்பெனிப் பணத்தை வாங்கிக்கொண்டும் உண்மையைச் சொல்ல வழி கண்டுபிடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது.

1934-இல் வெளிவந்த ‘சாங் ஆப் சிலோன்’ என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைப் பிரசார போர்டு பணம் கொடுத்தது. பாஸில் ரைட் என்ற இளைஞர் எடுத்தார். விவரணப் பட உலகின் குலகுரு என்று சொல்லத்தக்க ஜான் கிரியர்ஸன் தயாரித்தார். தேயிலை வியாபாரம் பெருக வேண்டும் என்பதுதான் போர்டின் நோக்கம். ஆனால் படத்தின் மூன்றாவது பாகத்தில் ரைட் ஒரு வேலை செய்தார். திரையிலே கூலியாட்கள் பாடுபடுகிறார்கள். காதிலே லண்டன் மார்க்கெட்டின் விலை நிலவரமும், கப்பல் புறப்படும் நேரமும், வியாபாரக் கடிதங்களின் வாசகமும் கேட்கின்றன. உழைக்கிறவனுக்கும் விலை சொல்கிறவனுக்கும் நடுவே எத்தனை ஆயிரம் மைல் தூரம் என்பதை ஒரு வார்த்தை விமரிசனம் இல்லாமல் காட்டிவிட்டார். அந்தத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மறு வருஷம் லண்டனில் ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ என்று ஒரு படம். பணம் கொடுத்தது காஸ் கம்பெனிகளின் சங்கம். சேரிகளை இடித்துப் புது வீடு கட்டினால் காஸ் அடுப்பு விற்குமே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்தப் படத்தில்தான் சேரியில் குடியிருந்தவர்கள் காமிராவைப் பார்த்துத் தங்கள் வாயாலேயே பேசினார்கள். எலித் தொல்லையை எலியோடு மல்லுக்கட்டியவளே சொன்னாள். எழுதிக் கொடுக்க நாவலாசிரியன் ஒருவன் தேவைப்படவில்லை.

ஹாலந்துக்காரர் யோரிஸ் ஐவன்ஸின் கதை இன்னும் விசேஷம். 1931-இல் அவர் பிலிப்ஸ் ரேடியோ கம்பெனிக்கு அழகான படம் எடுத்துக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து அதே மனிதர் பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிப் பிரதேசத்தில், வேலைநிறுத்தம் செய்து தோற்று வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட சுரங்கத் தொழிலாளிகளின் நடுவே, போலீஸார் கண்ணில் படாமல் காமிராவை ஒளித்துக்கொண்டு அலைந்தார். கண்ணும் கையும் மாறவில்லை. பணம் கொடுத்தவர்கள் மாறினார்கள். படம் வேறு படமாகிவிட்டது.

ஆகவே யார் பணம் கொடுத்தார்கள் என்பது முக்கியம். ஆனால் அதுவே முடிவான கேள்வியல்ல. பணம் வாங்கியவன் எங்கே நின்றான் என்ற கேள்வியும் உண்டு. அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

நம் தேசத்தில் விவரணப் படம் என்றாலே சர்க்கார் படம் என்றுதான் வெகுகாலம் அர்த்தம். 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு கொட்டகையிலும் கதைப் படத்துக்கு முன்னால் அங்கீகாரம் பெற்ற செய்திப் படமோ விவரணப் படமோ காட்டியே தீர வேண்டும் என்று விதி. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அணை கட்டுவார்கள், மந்திரி நாடா வெட்டுவார், ஆலைப் புகைபோக்கியைக் கீழேயிருந்து மேலே காட்டுவார்கள். அந்த நேரத்தில்தான் ஜனங்கள் முறுக்கு வாங்கப் போவார்கள். நல்ல படங்களும் அதில் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் புகைபோக்கிக்குக் கீழே நிற்கிறவனை அருகில் போய் விசாரித்த படங்கள் குறைவு. அந்த ஸ்தாபனம் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்துவிட்டது.

சர்க்கார் தயவும் கம்பெனித் தயவும் இல்லாமல் ஒரு விவரணப் படம் எடுக்க முடியும் என்று முதலில் காட்டியவர் ஒரு தமிழர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் ‘டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்’ என்று ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தி, தேசம் தேசமாகச் சுற்றி, மகாத்மா காந்தியைப் பற்றிய பழைய காட்சிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1940-இல் படத்தை வெளியிட்டார். அவர் திரட்டியது 50,000 அடிப் படச்சுருள் என்று சொல்வார்கள். முதலாளித்துவத்தைச் சாடும் படமல்ல அது. ஆனால் விடாப்பிடியான ஒரு தனி மனிதனால் காமிராவைத் தன் நம்பிக்கைக்கு வேலை வாங்க முடியும் என்பதற்கு அதுவே முன்மாதிரி.

பணக்காரன் இங்கே, ஏழை அங்கே என்று நேருக்கு நேர் வைத்துக் காட்டிய படம் 1968-இல் வந்தது. எடுத்தவர் கே.ஏ. அப்பாஸ். படத்தின் பெயர் ‘நான்கு நகரங்களின் கதை’. கல்கத்தா, பம்பாய், டில்லி, நம்முடைய சென்னை ஆகியவைதாம் அந்த நான்கு நகரங்கள். மாளிகைகளையும் ஓட்டல்களையும் காட்டி, அவற்றைக் கட்டிய கைகள் இரவில் தூங்கப் போகும் குடிசையையும் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். வசனமே இல்லை. உழைப்பாளிகள் வேலை செய்யும்போது பாடும் பாட்டு ஒன்றும் பின்னணிச் சத்தமுந்தான்.

இந்த வாயில்லாப் பூச்சியைப் பார்த்துச் சென்ஸாருக்கு வந்த கவலையைச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று முத்திரை போட்டார்கள். அப்பாஸ் மேலிடத்துக்குப் போனார். பம்பாய் விலைமாதர் தெருக் காட்சிகளை வெட்டினால் எல்லோருக்கும் காட்டலாம் என்றார்கள். அவர் வெட்ட மாட்டேன் என்றார். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். விசாரணை நடக்கும்போதே சர்க்கார் இறங்கிவந்து, வெட்டாமலே எல்லோருக்குமான சான்றிதழ் தருகிறோம் என்றது. வேறொருவராயிருந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். அப்பாஸ் போகவில்லை. “என் படம் தப்பித்தால் போதாது; படத்தை முன்கூட்டியே தணிக்கை செய்யும் அதிகாரம் செல்லுமா என்பதைத் தீர்த்துச் சொல்லுங்கள்” என்று தம் மனுவைத் திருத்தி விரிவாக்கினார். 1970 செப்டம்பர் 24-இல் தலைமை நீதிபதி ஹிதயதுல்லா தீர்ப்புச் சொன்னார். சினிமா மற்றக் கலைகளைவிட மனத்தை ஆழமாகக் கலக்குவதால் தணிக்கை செல்லும் என்பது தீர்ப்பு. அப்பாஸ் தோற்றார். ஆனால் தணிக்கைக்குத் தெளிவான நெறிகள் வேண்டும், கலைக்கும் ஆபாசத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், அதிகாரியின் முடிவுக்கு மேல் முறையிட நடுநிலையான இடம் வேண்டும் என்றெல்லாம் அந்த வழக்கிலேதான் பேச்சு எழுந்தது. 1983-இல் அப்படி ஒரு மேல்முறையீட்டு மன்றம் ஏற்பட்டது. 2021-இல் அதையும் கலைத்துவிட்டார்கள். இப்போது நேரே ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

வசனமில்லாத அந்தச் சிறு படத்தில் அதிகாரிகளைச் சங்கடப்படுத்தியது விலைமாதர் தெரு மட்டுந்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மாளிகையைத் தனியாகக் காட்டினால் சுற்றுலாப் படம். குடிசையைத் தனியாகக் காட்டினால் அனுதாபப் படம். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால்தான் கேள்வி பிறக்கிறது. ஒட்டுகிற கைக்குத்தான் எப்போதும் பயம்.

*

35 மில்லிமீட்டர் பிலிம் ஆயிரம் அடி வாங்கினால் ஓடுவது பதினோரு நிமிஷம். சாமானியனால் கட்டுப்படியாகிற செலவல்ல. வீடியோக் காமிரா வந்த பிறகுதான் அந்தத் தடை கரைந்தது. தமிழ்நாட்டு ஆலைகளும் தோட்டங்களும் திரைக்கு வந்த கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது.

1990-இல் சலம் பென்னூர்கர் என்ற கன்னட நாட்டுக்காரர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஒரு படம் எடுத்தார். குட்டி ஜப்பான் என்றால் சிவகாசி. விடிவதற்கு முன்னால் கிராமங்களிலிருந்து தீப்பெட்டி ஆலைக்குப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகப்படுகிற குழந்தைகளைக் காட்டிய படம். ஊரின் செல்லப் பெயரையும் அந்தக் குழந்தைகளையும் ஒரே தலைப்பில் சேர்த்து வைத்ததே பெரிய விமரிசனம்.

அடுத்து, மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலையில் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் நடத்திவந்த தேயிலைத் தோட்டம். கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களுக்காகவும், சிறையிலிருந்தவர்களை விடுவிக்கவும் 1999 ஜூலை 23-ந் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தார்கள். கலெக்டர் ஆபீசுக்கு அருகே போலீஸார் தடியடி நடத்தினார்கள். ஜனங்கள் தாமிரபரணியில் இறங்கி ஓடினார்கள். 17 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றும் உண்டு. திருநெல்வேலியில் ‘காஞ்சனை’ என்ற திரைப்பட இயக்கம் நடத்திவந்த ஆர்.ஆர். சீனிவாசன் இதை ‘நதியின் மரணம்’ என்ற படமாக ஆக்கினார். கொட்டகைகளில் இடமில்லாத அந்தப் படம் ஊர் ஊராகப் போயிற்று. கல்யாண மண்டபம், சங்க ஆபீசு, கல்லூரி வகுப்பறை, எங்கே சுவர் கிடைத்ததோ அங்கே.

நம் எல்லைக்கு அந்தப்புறம், பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலை தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்துவிட்டதென்று 2002 ஏப்ரலில் ஊரார் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை ஓட்டம் நின்றது. பி. பாபுராஜும் சி. சரத்சந்திரனும் அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்து படம் எடுத்து வந்தார்கள். மதுரையில் ஆர்.பி. அமுதன் 1998 முதல் விவரணப் பட விழா நடத்தத் தொடங்கி, ‘மறுபக்கம்’ என்ற பெயரில் அந்தக் காரியத்தை வளர்த்தார். அவரே பிற்பாடு திருப்பூரைப் பற்றி ‘டாலர் சிட்டி’ எடுத்தார். 2004-இல் பம்பாய் சர்வதேச விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் சென்ஸார் சான்றிதழ் கேட்ட விவகாரம் வெடித்தபோது, படக்காரர்கள் கூடி ‘விகல்ப்’ என்று போட்டி விழாவே நடத்திவிட்டார்கள்.

*

இந்தப் படங்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2024-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்ற பெயரில் கணக்கு முடித்து மலையைவிட்டு இறங்கும்படி கம்பெனி சொல்லியது. நாலு தலைமுறை அங்கே வாழ்ந்தவர்கள். ‘நதியின் மரணம்’ அதைத் தடுக்கவில்லை. மற்றொரு பக்கம், கொடைக்கானலைப் பாருங்கள். பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. பழைய தொழிலாளர்கள் கோர்ட்டிலும் வீதியிலும் வருஷக்கணக்கில் நின்றார்கள். 2015-இல் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப் இரண்டு மூன்று நிமிஷப் பாட்டுப் படம் ஒன்றில் அதைச் சொன்னார். லட்சக்கணக்கான பேர் உலகெங்கும் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் யூனிலீவரின் இந்தியக் கம்பெனி 591 தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு நேரவில்லை, மனிதாபிமான உதவியாகவே கொடுக்கிறோம் என்பது கம்பெனியின் கட்சி. எதுவாயிருந்தாலும் பணம் கைக்கு வந்தது. படம் மட்டும் அதைச் செய்துவிடவில்லை. போராடியவர்கள் இல்லாவிட்டால் படமே இல்லை. ஆனால் பதினான்கு வருஷமாகக் கேளாத காதில் படம் போய் விழுந்தது என்பதும் பொய்யல்ல.

இன்னொரு ஆட்சேபம்: இந்தப் படங்களும் ஒருபக்கப் பிரசாரந்தானே? ஆலை வந்ததால் அடுப்பு எரிகிற வீடுகளைக் காட்டுகிறார்களா? இதிலும் உண்மை இருக்கிறது. குரோம் தோல் ஆலை வந்ததால்தான் குரோம்பேட்டைக்குப் பெயரே வந்தது. 1984-இல் ஏற்றுமதி மண்டலம் வந்ததால் சம்பாதித்து, தங்கையைப் படிக்கவைத்து, தன் கல்யாணச் செலவைத் தானே பார்த்துக்கொண்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆலையை மூடு என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியபோது அழுதவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். உள்ளே வேலை இருக்கட்டும். தண்ணீர் குடிக்கவும் நேரம் இருக்கட்டும். இதைக் கேட்பது ஒருபக்கப் பிரசாரமானால், ஒலியை வெட்டி முகத்தை மட்டும் வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர்?

அப்புறம், முதலாளியை எதிர்த்த படத்தை வாங்கி விற்று லாபம் பார்க்கவும் முதலாளிக்குத் தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பிளிண்ட் நகரத்தை நட்டாற்றில் விட்டதைச் சொல்லும் மைக்கேல் மூரின் ‘ரோஜர் அண்ட் மீ’ 1989-இல் வந்தபோது, அதை வாங்கி வெளியிட்டது ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ். சாமர்த்தியம் என்பது இதுதான்!

*

சில வருஷங்களுக்கு முன் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ‘நதியின் மரணம்’ போட்டார்கள். கொடிக்கம்பியில் வெள்ளைப் போர்வை. முப்பது பேர் இருக்கலாம். மின்சார ரயில் போகும்போதெல்லாம் வசனம் கேட்காது. படம் முடிந்ததும் வழக்கம்போல விவாதம். படித்தவர்கள் பேசினார்கள், நானும் லூமியர், ஐவன்ஸ் என்று பத்து நிமிஷம் பேசினேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண்மணியைப் பேசச் சொன்னார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தையல் வேலை.

“எனக்குப் பேசல்லாம் வராதுங்க. இந்த மாதிரி எங்க கம்பெனியிலயும் ஒரு தடவை படம் புடிச்சாங்க. அன்னிக்குப் பூரா எல்லா ஃபேனும் ஓடுச்சு. படம் புடிக்கிறவங்க போனதும் பாதிய நிறுத்திட்டாங்க. அவங்க தெனமும் வந்தா நல்லாருக்கும்னு நாங்க பேசிக்குவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் போனேன். நான் உரை எழுதிய படம் அவருடைய ஆலையைப் பற்றியதல்ல, விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “அம்மா, நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு படத்துக்கு எழுதிக் கொடுத்தேன்” என்றேன்.

“அப்படிங்களா சார்?” என்றார். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் ஆச்சரியந்தான் இருந்தது. “என்ன எழுதுனீங்க?”

சொல்ல முடியவில்லை. மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். அதுவும் பொய்தான்.

ஆகையால்தான் இந்த விஷயத்தை எழுதுகிறேன். இன்று காமிரா ஒரு சிலர் கையில் இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, மாடியில் நின்ற பையன்கள் தங்கள் தெருவைத் தாங்களே டெலிபோனில் படம் எடுத்தார்கள். ஏரியும் சதுப்பும் மனைகளானதற்குச் சாட்சி சொல்லும் படங்கள் அவை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆகியிருக்கிறது. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உலகப் பிரசித்தியான ராம்சார் பட்டியலில் ஏறியிருக்கிறது. எடுக்க வேண்டிய படங்கள் நம் வாசலில் நிறைய இருக்கின்றன. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பது சுங்கச் சட்டத்தின்படி இந்திய எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பாவிக்கப்படும் பூமி. ஒரு மதிலுக்கு அந்தப்புறம் அயல்நாடு! அதற்குள் போக நமக்கு அனுமதி இல்லை. ஆனால் மாலையில் அங்கிருந்து வெளியே வருகிறவர்கள் அயல்நாட்டார் அல்ல, நம் தெருக்காரர்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். அவர்கள் பதில் சொன்னால் அந்த இடத்தில் சத்தத்தை வெட்டாமல் இருக்கலாம்.

எங்கள் வீட்டு மின்விசிறி நேற்று ராத்திரி திடீரென்று நின்றுவிட்டது. “பழசாகிவிட்டது, புதுசு வாங்கிவிடலாம்” என்றாள் என் மனைவி. வேண்டாம், ரிப்பேர் பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அது சுற்றுகிறவரை சுற்றட்டும்.